ஏலக்காய் எவர் துண்டில்?

நோன்புப் பெருநாள் இவ்வாண்டுகளில் இளவேனிலை ஒட்டி வந்துகொண்டிருக்கிறது. 2023இல் ஏப்ரல் 22; 2024இல் ஏப்ரல் 11; 2025இல் மார்ச் 31. பிறை ஆண்டு, கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலின், இதற்கு முன் இப்பருவத்தில் நாம் பெருநாள் கண்டது 1990களின் தொடக்கத்தில்தான். போடிநாயக்கனூரில் இது இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் காலம். மேலே மலையில் ஏலக்காய்ப் பறிப்பு ஓய்ந்து, கோடை மழையை எதிர்நோக்கிச் செடிகள் நிற்கும்.

இப்பருவத்துக்கென நம் குடும்பங்களில் புதியதோர் இனிப்பு வழக்கத்தைத் தொடங்கினால் என்ன? "புதிதென்றால் அது பித்அத் ஆகாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். வணக்கமென எண்ணி மார்க்கத்தில் புதியதைப் புகுத்துவதே தடுக்கப்பட்டது. உணவும் உடையும் வழக்கத்தைச் சேர்ந்தவை. விலக்கப்படாதவரை அவை ஆகுமானவை என்பது சட்ட அறிஞர்கள் கண்ட நெறி. பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் நபி (ஸல்) அவர்கள் ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம் உண்டார்கள், அது ஸுன்னத். அதன் இடத்தை நம் இனிப்பு பிடிக்க வேண்டாம். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு மகிழ்ந்ததைப் புகாரியில் காண்கிறோம். பெருநாளில் விளையாட்டுக்கு இடமுண்டு. நம் வீடுகளில் அது அடுப்படி வாசலோடு நின்றுவிடுகிறது.

சகோதரிகளே! நம் ஊர்ப் பெண்களில் பலர் பகலெல்லாம் ஏலக்காய் தரம் பிரிக்கின்றனர். விடியுமுன் ஜீப்பேறி இடுக்கித் தோட்டங்களுக்குச் செல்வோரும் உண்டு. பிறை தெரிந்ததென்ற அறிவிப்பு இரவில் வந்தபின், தம்ரூட் கிளற அடுப்பின் முன் நிற்போரும் இவர்களே. அந்த ஓர் இரவேனும் இவர்களை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளும் அத்தாமாரும் உள்ளே செல்லட்டும். இவர்களுக்கு ஏற்றது கடற்பாசி. பாம்பன் பக்கத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் இது செய்யப்படுகிறது. விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினைப் பற்றி எழும் ஹலால் ஐயம் இதில் எழாது. 35 முதல் 40 பாகை வெப்பத்திலேயே உறைந்துவிடுமாதலால், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் செய்யலாம்.

10 கிராம் கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் நீரில் முற்றும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். காய்ச்சிய சூடான பால் அரை லிட்டரும், வேண்டிய சர்க்கரையும் சேருங்கள். பாதியைத் தட்டில் ஊற்றுங்கள். மறுபாதி ரோஸ் சர்பத் கலந்து சிறுதீயில் இருக்கட்டும். தட்டிலுள்ளது ஆடை கட்டியதும், தோலுடன் ஒரேயொரு முழு ஏலக்காயை அதன்மேல் வைத்து, மறுபாதியை மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் காய் மிதந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். முற்றும் உறையும்வரை காத்திருந்தாலோ இரண்டு அடுக்கும் ஒட்டாது. பிள்ளைகள் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்!

மறுநாள் துண்டு போட்டுப் பகிரும்போது ஏலக்காய் எவர் துண்டில் அகப்படுகிறதோ, அவரே அன்றைய அமீர். அண்டை வீடுகளுக்கு அனுப்பும் தட்டுகளில் முதல் தட்டு எந்த வீட்டுக்கு என்பதை அவர் சொல்வார். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரையும் அவர் சொல்லலாம். பல காலம் பேச்சு நின்றுபோன சச்சா வீட்டையும் சொல்லலாம். சொல்பவள் ஏழு வயதுச் சிறுமியாயினும் பெரியவர்கள் மறுக்கலாகாது. இவ்விளையாட்டின் உயிர்நாடி இதுவே. காசு வைத்து ஆடுவது மட்டும் கூடாது, அது சூதாகிவிடும். சின்னஞ்சிறு குழந்தைகளின் துண்டைப் பிரித்துப் பார்த்தே கொடுங்கள். முழு ஏலக்காய் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையிலும் ஒரு காய் இரண்டு மூன்று ரூபாய்தான். ஆகவே பருத்த, பச்சை மாறாத காயாகத் தேர்ந்தெடுங்கள். தரம் பிரிக்கும் கைகளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இது உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்று இறைச்சி பங்கிடவே பொழுது போதாது. இது நோன்புப் பெருநாளோடு நிற்கட்டும்.