கன்வெர்ட் செய்யும் முன் கொஞ்சம் நில்லுங்க!

“மாப்பிள்ளை ஐபோன்ல எடுத்த வளைகாப்பு வீடியோ, நம்ம வீட்டு விண்டோஸ் லேப்டாப்புல சத்தம் மட்டும்தான் வருது. படமே தெரியலை!”

விசேஷம் முடிந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்பார் ஒருவர். ‘ஏதாவது ஒரு சைட்ல போட்டு கன்வெர்ட் பண்ணு’ என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் வீடியோ நன்றாகத்தான் இருக்கும்.

டப்பா வேறு, சாதம் வேறு

ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ எல்லாம் டிபன் டப்பா மாதிரி. ஏவிஐ மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டப்பா, எம்ஓவி ஆப்பிளுடையது. உள்ளே இருக்கும் சாதத்துக்குப் பெயர் கோடெக். அதாவது, படத்தைச் சுருக்கி வைக்கும் முறை.

2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7-ம் அதற்குப் பிந்தைய மாடல்களும் ‘ஹெச்இவிசி’ என்ற கோடெக்கில் வீடியோ எடுக்கின்றன. இது குறைந்த இடத்தில் நல்ல தரம் தரும். ஆனால், இதைத் திறக்கும் வசதி எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருப்பதில்லை. அதனால்தான் படம் கறுப்பு. சத்தம் மட்டும் வருகிறது.

பெயரை எம்ஓவி-யிலிருந்து எம்பி4 என்று மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. டப்பா மேல் லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் புளியோதரை தயிர்சாதம் ஆகிவிடுமா என்ன?

முதலில் விஎல்சி

பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால், விஎல்சி பிளேயரை இன்ஸ்டால் செய்யுங்கள். இலவசம்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் உண்டு. தேவையான கோடெக்குகளைத் தன்னுடனேயே கொண்டுவருவதால் பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டுமா?

பழைய டி.வி-யில் போட வேண்டும், எடிட்டிங் செய்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் மாற்றத்தான் வேண்டும். ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வீடியோவைத் திறந்து, ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற பிரீசெட்டைத் தேர்வு செய்து, ஸ்டார்ட் கொடுத்தால் போதும். எம்பி4 டப்பாவில் ஹெச்.264 கோடெக்கில் புது ஃபைல் வரும். 2003-லிருந்து இருக்கும் கோடெக் என்பதால் பெரும்பாலான கருவிகளுக்கு இது பழக்கம்.

முன்பின் தெரியாத கன்வெர்ட்டர் தளங்களில் குடும்ப வீடியோவை ஏற்றாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடியோ யாருடைய சர்வரில் போய் உட்காருகிறது என்று நமக்குத் தெரியாது.

ஒரிஜினலைத் தொடாதீர்கள்

இதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை கன்வெர்ட் செய்யும்போதும் தரம் கொஞ்சம் குறையும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். குறைந்த தரம் போனது போனதுதான். பெரிய சைஸுக்கு மாற்றினாலும் திரும்ப வராது. அதனால், எப்போதும் ஒரிஜினலிலிருந்தே மாற்றுங்கள்.

‘அதான் மாத்தியாச்சே’ என்று போனில் இருப்பதை அழிக்கும் முன், புது ஃபைலை ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடங்களில் ஓடவிட்டுப் பாருங்கள். உதட்டசைவும் குரலும் சேர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள். அதன்பிறகும் ஒரிஜினலின் ஒரு பிரதி ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். வளைகாப்பை இன்னொரு முறை நடத்த முடியாதே!

கொண்டுபோகும் வழி

* வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

* ‘ஃபேட்32’ பென்டிரைவில் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. ‘என்டிஎஃப்எஸ்’ பென்டிரைவை மேக் படிக்கும், அதில் எழுதாது. இரண்டுக்கும் பொதுவானது ‘எக்ஸ்ஃபேட்’. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

* இனி எடுக்கும் வீடியோக்களுக்கு ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ தேர்வு செய்யலாம். ஏற்கெனவே எடுத்தவை இதனால் மாறாது.

பீரோவில் இருக்கும் கல்யாண டிவிடி

டிவிடி-க்கும் இதே வழிதான். இப்போது வரும் பல லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இல்லை; யுஎஸ்பி-யில் இணைக்கும் டிரைவ் வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க்கில் இருக்கும் ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை முழுதாக ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி செய்துவிட்டு, அந்த ஃபோல்டரையே ஹேண்ட்பிரேக்கில் திறந்து எம்பி4 ஆக்குங்கள். நம் ஊர் டிவிடி-களின் படம் 720x576 புள்ளிகள்தான். அதை 4கே ஆக்கினால் இடம்தான் வீண்.

டிஸ்க்கில் கீறல் விழுந்தாலோ, பூஞ்சை பிடித்தாலோ அதில் பதிவான தாத்தாவின் குரலும் போய்விடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த டிவிடி-யைத் தேடி எடுத்து, காப்பியாவது செய்து வையுங்கள். கன்வெர்ட் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.