கோபம் பள்ளத்துக்குத்தான் பாயும்

போன வருஷம் ஓணத்துக்கு முந்தி ஏத்தன் வாழை வெட்டினேன். 60 தார். ஏத்தன் எடைக்குத்தான் போகும். தண்டுக்குன்னு தாருக்கு ஒண்ணரைக் கிலோ கழிப்பாங்க, அது நாங்க ஒத்துக்கிட்ட கணக்கு. அன்னைக்கு வியாபாரி ரெண்டரைக் கிலோ கழிச்சார். அதாவது 60 கிலோ காய் சும்மா போச்சு. "என்ன அண்ணாச்சி, கூடக் கழிக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உரத்துக்கு அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருந்தேன். சிரித்துக்கொண்டே "சரி அண்ணாச்சி" என்று சொல்லி, அவர் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மகனுடைய சைக்கிள் குறுக்கே கிடந்தது. வண்டியை விட இடமில்லை. அவ்வளவுதான். கூப்பிட்டு அறைந்துவிட்டேன். பதினோரு வயசுப் பையன். எதுக்கு அடி விழுந்ததுன்னே அவனுக்குத் தெரியல. தடுக்க வந்த மனைவியையும் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

வயலுக்குத் தண்ணி பாய்ச்சுகிறவனுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். தண்ணி மேட்டுக்கு ஏறாது, பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். கோபமும் அப்படித்தான். டவுன்ல இருக்கிற நீங்களும் யோசிச்சுப் பாருங்க. மேனேஜர் திட்டினதுக்கு அவரிடம் யாராவது கத்துகிறோமா? சாயங்காலம் சாப்பாடு கொண்டுவருகிற பையன் பத்து நிமிஷம் லேட்டா வந்தா அவனிடம்தான் கத்துகிறோம்.

கோபத்தைப் பற்றி எங்க கோயில்ல வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பிரசங்கம் உண்டு. பெரும்பாலும் எபேசியர் நாலாம் அதிகாரம்தான். சூரியன் மறையுறதுக்குள்ள எரிச்சல் தணியணும்னு பவுல் எழுதினது. நல்ல புத்திதான், குறை சொல்லல. ஆனா என் கதையைப் பாருங்க. சூரியன் மறையுற வரைக்கும் போகவே இல்ல, அஞ்சு நிமிஷத்துல என் கோபம் தணிஞ்சுபோச்சு. அடிச்சவனுக்குச் சீக்கிரம் தணிஞ்சிரும். அடி வாங்கினவனுக்குத்தான் தணியாது.

அதனால எனக்கு மத்தேயு அஞ்சாம் அதிகாரம்தான் இதைவிடக் கடுமையாகத் தெரிகிறது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகிற இடத்தில், உன் சகோதரனுக்கு உன் பேரில் ஒரு குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் இயேசு. உனக்கு அவன்மேல் கோபம் இருக்கிறதா என்று அங்கே கேட்கவில்லை. அவனுக்கு உன்மேல் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் மனசுக்குள்ள ஜெபம் பண்ணி அமைதியாகிவிட்டால் அந்தக் கேள்வி முடிந்துவிடாது.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாசிக்கிற முறை அவனுக்கு. வரிசையாக வந்துகொண்டிருந்ததில் யோனா கடைசி அதிகாரம். நினிவே அழியவில்லையே என்று யோனாவுக்குக் கோபம். நிழல் தந்த ஆமணக்குச் செடியைப் பூச்சி அரித்து அது பட்டுப்போனதும் இன்னும் கோபம். இப்படிக் கோபப்படுவது சரிதானா என்று கடவுள் அவனைக் கேட்கிறார். எங்க வரப்பு ஓரமெல்லாம் ஆமணக்குதான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. பையன் வாசித்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவங்க அம்மாவிடம் கேட்டான், "ஆமணக்குக்குப் போயா இவ்வளவு கோபம்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். விளக்கை அணைத்த பிறகு அவன் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா செஞ்சது தப்புடா, மன்னிச்சிரு" என்றேன். இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய்விட்டேன். ஊரில் எந்த அப்பனும் பிள்ளையிடம் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவன் "ம்" என்றான்.

அதுக்குப் பிறகு இயேசு கோபப்பட்ட இடங்களைத் தேடி வாசித்தேன். சூம்பின கைக்காரனைக் குணமாக்க விடாமல் ஓய்வுநாளைக் காட்டி மடக்கப் பார்த்தவர்கள்மேல். பிள்ளைகளைக் கிட்ட வரவிடாமல் அதட்டின சொந்தச் சீஷர்கள்மேல். ஆலயத்தில் கடை போட்டிருந்தவர்கள்மேல். ஆட்டுக்கு வசதியில்லாதவர்கள் கொடுக்கிற காணிக்கை புறா. அந்தப் புறாவையும் அங்கே வியாபாரமாக்கி வைத்திருந்தார்கள். எல்லாமே மேட்டைப் பார்த்துப் போன கோபம். (அத்திமரத்தைச் சபித்தது மட்டும் எனக்கு இன்னும் செரிக்கல. அது காய்க்கிற காலமே இல்லைன்னு மாற்குவே எழுதியிருக்கிறார். மரம் வளர்க்கிறவன் மனசு கேட்க மாட்டேங்குது.)

வியாபாரிக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டு நின்றதை அன்று சாந்தகுணம் என்றுதான் நினைத்தேன். அது பயம். பயத்துக்கு சாந்தம்னு பேர் வைத்துக்கொண்டு, பாக்கியை வீட்டில் வந்து தீர்த்துக்கொள்கிற ஆம்பளைங்க எங்க சபையில் நான் ஒருத்தன் மட்டும் இல்லை. பொறுத்துப் போகணும் என்கிற பிரசங்கத்தைக் கேட்டு உண்மையிலேயே பொறுத்துப் போகிறவர்கள் இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கிற பெண்கள்தான். அவர்கள் ஏற்கெனவே நிறையப் பொறுத்தவர்கள். அந்தப் பிரசங்கத்தை அவர்களிடம் இனிமேல் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த வெட்டுக்கு முந்தி நகையை அடகு வைத்து வியாபாரியின் முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். அப்புறம் போய், சத்தம் போடாமல், "தாருக்கு ஒண்ணரைதான் அண்ணாச்சி கழிக்கணும்" என்றேன். கை நடுங்கியது. ரெண்டுக்கு இறங்கினார். ஒண்ணரைக்கு வரவில்லை. டீயும் வாங்கித் தரவில்லை.

மகனிடம் அதுக்குப் பிறகு கை ஓங்கவில்லை. ஆனால் இன்னைக்கும் தெரு முனையில் என் வண்டிச் சத்தம் கேட்டால், அவன் என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து சைக்கிளைச் சுவரோரமாக நகர்த்துகிறான்.