ரெய்டுக்கு எந்த ஆட்டம்? கடைசி ஆளைக் கேளுங்கள்!



'ரெய்டு' என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நம்ம கபடி டீம் அக்காக்களுக்குக் கோட்டைத் தாண்டிப் போவது ஞாபகம் வரும். டி.வி.யில் செய்தி பார்க்கிறவர்களுக்கு வருமான வரி ரெய்டு ஞாபகம் வரும். எனக்கு மூன்றாவதாக ஒரு ரெய்டு தெரியும். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். "கம்ப்யூட்டர் கேமா? போச்சு!" என்று தலையில் கை வைக்காமல் கடைசி வரை படியுங்கள். இது ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை மாதிரி இருக்கும், ஆனால் ஆட்களைப் பற்றிய கட்டுரை.

கபடியில் ரெய்டுக்கு ஒருத்தர் மட்டும் போவார். மற்ற ஆறு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். ஆன்லைன் வேட ஆட்டத்தில் எல்லாரும் சேர்ந்து போக வேண்டும். ஒவ்வொருத்தரும் ஒரு வேடம் எடுத்து, படிப்படியாக லெவல் ஏறி, கடைசி லெவலைத் தொட்ட பிறகுதான் உண்மையான ஆட்டமே ஆரம்பிக்கும். அங்கே ஒரு பெரிய பூதமோ டிராகனோ இருக்கும். ஒருத்தர் முன்னால் நின்று அடி வாங்கணும். சிலர் பின்னாலிருந்து தாக்கணும். சிலர் அடிபட்டவங்களுக்கு உயிர் ஏற்றணும். யாராவது ஒருத்தர் தப்பான இடத்தில் நின்றால் மொத்த டீமும் காலி. திரும்ப முதலிலிருந்து வரணும். ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் பெரியம்மா வீட்டு அண்ணன் விளையாடுவார். லீவுக்கு அங்கே போனால் எனக்கும் சொல்லிக் கொடுப்பார். நான் வைத்தியர் வேடம். அந்த டீமில் என்னையும் சேர்த்து ஆறு பேர். அண்ணன், நைட் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற ஒரு அண்ணன், பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒரு காலேஜ் அண்ணன், கைக்குழந்தை உள்ள ஒரு அக்கா, அவங்க வீட்டுக்காரர், அப்புறம் நான்.

போன வருஷம் நாங்கள் ஆடிய ஆட்டத்தின் பேர் வேண்டாம். அரையாண்டுப் பரீட்சைக்காக நான் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பரீட்சை முடிந்து லீவில் ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். அதற்குள் எல்லாருடைய ஆயுதமும் கவசமும் எங்கேயோ ஏறிப் போயிருந்தது. என்னுடையது பழசு. "பாப்பா, இந்தத் தடவை நீ பார்த்துக்கிட்டு இரு" என்றார் அண்ணன். என் இடத்தில் யாரோ தெரியாத ஒருத்தரைச் சேர்த்திருந்தார்கள். நான் அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே பார்த்தேன். முறுக்கு நல்லாத்தான் இருந்தது. ஆனால் தொண்டைக்குள் இறங்கவில்லை. அப்புறம் அந்தப் புது ஆள், கிடைத்த நல்ல பொருளை எல்லாம் எடுத்துக்கொண்டு வேறு டீமுக்குப் போய்விட்டார். அதில் சண்டை வந்து டீமே உடைந்தது.

இப்போது அந்த ஆறு பேரும் மறுபடி சேர்ந்திருக்கிறோம். புதிதாக ஒரு ஆட்டம் தேர்ந்தெடுக்க வேண்டும். "எது நல்ல ஆட்டம்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொல்வது, அந்தக் கேள்வியே தப்பு. "எந்த ஆட்டத்தில் நம்ம ஆறு பேரும் கடைசி வரை இருக்க முடியும்?" என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் 'புதுசு' என்ற மயக்கத்தை விட வேண்டும். புதுசாக வந்ததெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆட்டம் 2010-ல் வந்தபோது அவ்வளவு மோசமாக இருந்ததாம். 2012-ல் அதை மூடிவிட்டு, திரும்பக் கட்டி 2013-ல் திறந்தார்கள். இன்றைக்கு ரெய்டுக்குப் பேர் போன ஆட்டங்களில் அதுவும் ஒன்று. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-ல் வந்தது. கில்ட் வார்ஸ் 2 வந்தது 2012-ல். தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-ல். இதில் பாதி ஆட்டம் நான் பிறப்பதற்கு முன்னாடியே வந்துவிட்டது! எங்களுக்குப் புதுசு என்றால் போதும்.

இந்த நாலையும்தான் நாங்கள் பேசினோம். நான் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினேன்.

எத்தனை பேர் வேண்டும்? வார்கிராஃப்டில் ஆரம்ப காலத்தில் 40 பேர் சேர்ந்து ரெய்டு போவார்களாம். நம்ம கிளாஸ் மொத்தமும் போகலாம்! இப்போது மிகக் கஷ்டமான நிலைக்குச் சரியாக 20 பேர் வேண்டும். அதற்குக் கீழ்நிலைகளில் 10 முதல் 30 வரை போகலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸில் 12 பேர். கில்ட் வார்ஸ் 2-ல் 10 பேர். ஃபைனல் ஃபேன்டஸியின் கஷ்டமான ரெய்டுகளுக்கு 8 பேர். அதில் அடி வாங்க இரண்டு, வைத்தியம் இரண்டு, தாக்க நாலு. நாங்கள் ஆறு பேர். எட்டு என்றால் வெளியாள் இரண்டு பேர் போதும். பத்து என்றால் நாலு. இருபது என்றால் பதினாலு. பதினாலு பேர் வெளியாள் என்றால் அது நம்ம டீமா, அவங்க டீமா?

வயசு சரியா? எல்டர் ஸ்க்ரோல்ஸ் படம் அவ்வளவு அழகு. அண்ணனுக்கு அதுதான் முதலில் பிடித்தது. ஆனால் அதற்கு 17 வயதுக்கு மேல் என்று அமெரிக்காவில் தரம் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பதினாலு. "சும்மா ஆடு, யாருக்குத் தெரியப் போகுது" என்றார் காலேஜ் அண்ணன். எனக்குத் தெரியுமே! அதை அடித்துவிட்டேன்.

எத்தனை மணிக்கு? இந்த நாலு ஆட்டத்துக்கும் நம் நாட்டில் சர்வர் கிடையாது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படி ஓடினாலும் ஜப்பான் போய்த் திரும்ப நேரம் எடுக்கும். பூதம் நெருப்பு துப்பும்போது அந்தத் தாமதம் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் கடிகாரம். ஜப்பானில் ராத்திரி 8 மணி என்றால் நமக்கு மாலை 4.30. ஸ்கூல் விட்டு வருகிற நேரம்! ஜெர்மனி மாதிரி நாடுகளில் ராத்திரி 8 மணி என்றால் நமக்குக் கோடையில் 11.30, குளிர்காலத்தில் 12.30. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டால் பெரியம்மா கரண்டியோடு வருவாங்க. ஃபைனல் ஃபேன்டஸிக்கு ஜப்பானில் சர்வர் இருக்கிறது. கில்ட் வார்ஸ் 2-க்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான். ஆகவே இதில் ஃபைனல் ஃபேன்டஸிக்கு முழு மார்க்.

எவ்வளவு காசு? வார்கிராஃப்டுக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். இலவசமாக லெவல் 20 வரைதான். ஃபைனல் ஃபேன்டஸியிலும் சந்தா உண்டு. ஆனால் இலவச வெள்ளோட்டம் பெரியது. 2023-ல் அதை லெவல் 70 வரை உயர்த்தினார்கள், நாள் கணக்கும் கிடையாது. அதற்கு மேலே உள்ள புது ரெய்டுகளுக்குப் போக ஆட்டத்தை வாங்கி, சந்தாவும் கட்டணும். கில்ட் வார்ஸ் 2-ல் மாதச் சந்தாவே கிடையாது. அடிப்படை ஆட்டம் 2015 முதல் இலவசம். ரெய்டுக்கு மட்டும் கூடுதல் பாகம் ஒன்றை ஒரு தடவை வாங்கினால் போதும்.

விட்டுப் போய்த் திரும்பி வந்தால்? இதுதான் என் கேள்வி. வார்கிராஃப்டில் புது சீசன் வந்தால் பழைய கவசம் பழசுதான். ஃபைனல் ஃபேன்டஸியிலும் அப்படித்தான், ஆனால் எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் வழி வைத்திருக்கிறார்கள். கில்ட் வார்ஸ் 2-ல் 2012-ல் இருந்தே கடைசி லெவல் 80-தான். அதை ஏற்றவே இல்லை. கஷ்டப்பட்டுச் சேர்த்த நல்ல கவசம் பரீட்சை முடிந்து வந்தாலும் நல்ல கவசம்தான். இதைப் படித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

கிடைத்த பொருளை எப்படிப் பிரிப்பது? பூதம் விழுந்ததும் ஒரு பெட்டி, அதற்கு எட்டுக் கை என்றால் சண்டைதான். கல்யாண வீட்டில் கடைசி வடைக்கு நடக்கிற கதை. கில்ட் வார்ஸ் 2-ல் அவரவருக்கு அவரவர் பரிசு தனியாக வந்துவிடும். பக்கத்து இலையை எட்டிப் பார்க்க வேண்டாம்.

இப்போது நேர்மையாக மறுபக்கமும் சொல்கிறேன். கில்ட் வார்ஸ் 2-ல் புது ரெய்டு வருவது ரொம்ப மெதுவு. 2019-ல் ஒரு ரெய்டு வந்தது, அடுத்தது 2024-ல்தான் வந்தது. இடையில் அஞ்சு வருஷம்! பத்துப் பேர் சேர்த்து வேறு மாதிரிச் சின்னச் சண்டைகள் கொடுத்தார்கள், ஆனாலும் ரெய்டு என்று வரவில்லை. ஃபைனல் ஃபேன்டஸியில் பெரும்பாலும் ஒரு வருஷம் ஆவதற்குள் அடுத்த ரெய்டு வந்துவிடும். ஆள் குறைவாகப் போதும், நேரமும் நமக்குத் தோது. அதனால் அண்ணனும் நைட் ஷிஃப்ட் அண்ணனும் அதற்குத்தான் ஓட்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் ஏன் நான் கில்ட் வார்ஸ் 2-க்குக் கை தூக்குகிறேன்? எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. பிடிக்காமல் போவது வேறு, வர முடியாமல் போவது வேறு. கில்ட் வார்ஸ் 2 எடுத்தால் அண்ணனுக்குப் புது ரெய்டு இல்லையே என்று சலிப்பு வரலாம். ஆனால் அவர் வெளியே போக மாட்டார். வெளியாள் நாலு பேர் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குத் தேடலாம், அப்போது ஐரோப்பாவில் மதியம், அவங்களுக்கும் லீவு. சந்தா கட்டும் ஆட்டம் எடுத்தால் காலேஜ் அண்ணன் இரண்டு மாதம் கட்டுவார். மூன்றாவது மாதம் "எனக்கு நேரமில்லைப்பா" என்பார். காசு இல்லை என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அக்கா ஒரு மாதம் வர மாட்டாங்க. நான் பரீட்சைக்குப் போவேன். ஒவ்வொருத்தராக ஸ்டூலுக்குப் போய்விடுவோம்.

"ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பீர்கள். நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒருவர் இருந்தார். தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில்தான் இருப்பார். வார்கிராஃப்டில் இபெலின் என்ற பேரில் ஒரு குழுவோடு விளையாடினார். மகன் தனியாகவே வாழ்கிறானே என்று பெற்றோருக்குக் கவலை. 2014-ல், 25 வயதில் அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் பல நாடுகளில் நண்பர்கள் இருந்தார்கள் என்று. சிலர் வேறு நாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-ல் அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. அவருடைய கவசம் எத்தனை பாயிண்ட் என்று அந்த நண்பர்கள் யாராவது கேட்டிருப்பார்களா?

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் நம் நாட்டில் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். நான் எழுதியது அந்த வகை இல்லை. ஆனாலும் எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். லீவில் மட்டும், பெரியவங்க இருக்கும்போது மட்டும். அதிர்ஷ்டப் பெட்டி எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. தெரியாதவரிடம் பேர், ஊர், போட்டோ, நம்பர் கொடுக்கக் கூடாது. தோழிகளே, இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம்.

இன்னும் முடிவாகவில்லை. ஓட்டு மூன்றுக்கு மூன்று என்று நிற்கிறது. அக்காவும் காலேஜ் அண்ணனும் என் பக்கம். பெரியம்மாவை நடுவராகப் போடலாம் என்று ஒரு பேச்சு. பெரியம்மா போட்டால் கம்ப்யூட்டரையே விற்றுவிடுவாங்க, அதுதான் பயம்!

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ரெய்டானாலும் சரி, நம்ம ஸ்கூல் கபடி டீமானாலும் சரி, சயின்ஸ் எக்சிபிஷனுக்கு ஐந்து பேர் குரூப் பிரிப்பதானாலும் சரி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கெட்டிக்காரரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அவர் எப்படியும் ஜெயிப்பார். கடைசியில் நிற்கிற ஆளைக் கேளுங்கள். "உன்னால் வர முடியுமா?" என்று ஒரு வார்த்தை போதும். ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும்.

என் கருத்து தப்பு என்றால் அடுத்த வாரம் இதே சுவரில் பதில் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு