சின்னமுத்து என்று சந்தேகமா? உடனே சொல்லுங்கள்



பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் பிள்ளையின் உடம்பில் சிவப்பாய்ப் பொரி கண்டால் அம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகுவோம். அது நம் நம்பிக்கை; இருக்கட்டும். ஆனால் கதவைச் சாத்தி விடயத்தை மறைத்தால் அடுத்த காம்பராப் பிள்ளைக்கு ஆபத்து.

சின்னமுத்து காற்றில் பரவும் நோய். பொரி தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கி, தெரிந்த பின்னும் நான்கு நாள் பரவும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்திலும் பிள்ளை மடுவத்திலும் அதற்கு வழி எளிது. நோயாளியோடு பழகிய, ஊசி போடாத பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி கொடுத்தால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. ஒரு நாள் பேர் போய்விடும் என்று தாமதிக்காதீர்கள்.

காய்ச்சல், பொரி, அவற்றோடு இருமல், மூக்கொழுகல் அல்லது கண்சிவப்பு இருந்தால் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல மாதுவிடமோ சொல்லுங்கள். இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் ஏற்பட்டதுமே வைத்தியர் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இரத்த முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். அவர் குற்றம் பிடிக்க வருபவர் அல்லர். பிள்ளை எங்கே போனது, யாரோடு இருந்தது என்பதை மறைக்காமல் கூறுங்கள்.

இரத்தம் எதற்கு? ருபெல்லாவும் பார்வைக்கு இதேபோல் இருக்கும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அது தாய்க்குத் தொற்றினால் சிசுவின் கண், காது, இருதயம் பாதிக்கப்படலாம். எந்த நோய் என்பதைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிசோதனை காட்டிவிடும்.

இலங்கையில் இத்தடுப்பூசி 1984இல் அறிமுகமானது. 1999-2000இல் நோய் பெரிதாகப் பரவியதால் 2001இல் இரண்டாவது ஊசியும் சேர்க்கப்பட்டது. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் நம்மை அறிவித்தது. ஆயினும் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது, பெரியவர்களும் நோயுற்றார்கள்.

1977, 1983 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், யுத்தத்தில் மறுபடியும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. அந்த ஓட்டத்தில் கிளினிக் கார்டும் ஊசியும் தவறியிருக்கலாம். அன்றைய பிள்ளைகள் பலர் இன்று தாய்மார். கார்டு இல்லையே என்று கூச்சப்படாமல் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். முன்பு போட்ட ஊசியை மறுபடி போட்டாலும் கெடுதி இல்லை. கர்ப்பிணிகள் மட்டும் இதைப் போடக்கூடாது. போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

நோயுற்ற பிள்ளைக்குத் தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்தாதீர்கள். மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், குடிக்க முடியாமல் சோர்ந்தால் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கண்ணைக் காக்கும் விற்றமின் ஏ மருந்தை அங்கே கேளுங்கள். பிள்ளைகளுக்கான இரண்டு ஊசிகளும் 9 மாதத்திலும் 3 வயதிலும் இலவசம்.

இந்த மாதமே கார்டை எடுத்துப் பாருங்கள். பக்கத்துக் காம்பராத் தாய்க்கும் சொல்லுங்கள்.