தேயிலை மலையில் ஒன்பது பேருக்கு ஒரு மேசை

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவதா, பத்துமலைக்குப் போவதா, இல்லை இந்தத் தடவையாவது கேமரன் மலையைப் பார்த்துவிடுவதா? கோலா சாவாவில் இருக்கும் நமக்குப் போர்ட்டிக்சன் பக்கத்து வீடு மாதிரி. புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போய், மர நிழலில் பாய் விரித்துவிட்டால் தீர்ந்தது. மேசைக்காக யார் தயவும் வேண்டியதில்லை.

கேமரன் மலைக்குப் போய்வருகிறவர்கள் சொல்லும் கதை வேறு. "தேயிலைத் தோட்டத்துக் கடையில் உட்கார இடமே கிடைக்கவில்லை. வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டோம்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் போனவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது; நமக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஏன்? சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மலையைத் தெரிந்துகொள்வோம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்தப் பகுதியைக் கண்டு குறிப்பு எழுதினார். ஊருக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1933இல், அகர்வால் என்ற இந்தியர் பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து, 1937இல், ஸ்மோக்ஹவுஸ் என்ற விடுதி வந்தது. கறுப்பு மரச் சட்டங்களும் வெள்ளைச் சுவர்களும் குளிர்காயும் அடுப்பும் ரோஜாத் தோட்டமுமாக, இங்கிலாந்துக் கிராமத்து வீடு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல் இருக்கும். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் நினைவுக்காக உண்டாக்கிக்கொண்ட இடம் அது.

இக்காலத்தில் இப்படிப்பட்ட கடைகளுக்கு நல்ல மவுசு. சாப்பாடு மட்டும் போதாது, உட்காரும் இடமே ஒரு காட்சியாக இருக்க வேண்டும் என்று சனங்கள் விரும்புகிறார்கள். இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பொளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையையே தங்கும் விடுதியாக மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு பழைய ரயில் பெட்டிக்குள் மேசை போட்டு உணவு பரிமாறுகிறார்கள். நம் நாட்டில் சுங்கை பாலாஸில் உள்ள போ தேநீர் நிலையம் அந்த வகையைச் சேர்ந்தது. மலைச்சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலைச் செடிகள். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் சாலையோரத்தில் பாரத் நிறுவனத்தின் தேநீர் இல்லமும் இருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா? ஸ்மோக்ஹவுஸில் காட்சிக்கு இருப்பது இங்கிலாந்து. சுங்கை பாலாஸில் காட்சிக்கு இருப்பது தோட்டம். நிரை பிடித்து, கூடை சுமந்து, மழையிலும் பனியிலும் வேலை செய்த நம்மைப் போன்றவர்களின் தோட்டம். அந்தத் தோட்டத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. அதைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்க, ஒரு தோட்டக் குடும்பம் இடமில்லாமல் திரும்பி வந்தது என்றால் மனம் ஒப்பவில்லை.

பணம்தான் தடை என்று சொல்லிவிடலாம். ஓரளவு உண்மைதான். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிச் சொச்சம் வரும். ஒன்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலை வரைக்கும் வேன் பிடித்து, அறை எடுத்துப் போகிற குடும்பம் ஒரு குடுவைத் தேநீருக்குக் காசில்லாமல் திரும்புவதில்லை. கேட்கத் தயங்கித்தான் திரும்புகிறது.

சென்ற ஆண்டு ஒரு கடலோர ஊரில் இதை நேரில் பார்த்தேன். கப்பல் மாதிரி அலங்கரித்த உணவகம் அது. நாங்கள் இரண்டு குடும்பம் சேர்ந்து போயிருந்தோம். உள்ளே நாலைந்து மேசைகள் காலியாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறிய அட்டை. வாசலில் நின்ற பையன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏதோ பெயரைச் சொன்னார்கள். நேரே போய் உட்கார்ந்தார்கள். எங்களோடு வந்த அண்ணன் இருபது வருடமாகச் செம்பனை வெட்டுகிறவர். ஒரு குலையைப் பார்த்ததும் எடை சொல்லக்கூடியவர். அவர் மெதுவாகப் பின்வாங்கி, "வாங்க, வெளியில பொட்டலம் வாங்கிக்கலாம்" என்றார். அவருடைய மகள், நாலாம் வகுப்புப் படிக்கிறவள், "அந்த மேசையெல்லாம் சும்மாதானேப்பா இருக்கு?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

நான் உள்ளே போய்க் கேட்டேன். காலையிலேயே தொலைபேசியில் சொல்லி வைத்தவர்களுக்கான மேசைகள் அவை. எங்கள் பெயரை எழுதிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருந்து சாப்பிட்டோம். அந்தப் பையன் முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் நடந்துகொண்டது சரியில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் அந்த அட்டைக்கு என்ன பொருள் என்று தெரிந்தவருக்கு அங்கே கோபம் வராது, கூச்சமும் வராது. பின்னால் வந்தவர்கள் பெரிய மனிதர்கள் என்பதால் உட்காரவில்லை. காலையில் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் தொலைபேசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது, மாமியார் கையில்கூட. மேசைக்கு முன்பதிவு வாங்கும் கடையாக இருந்தால், இரண்டு மூன்று நாளைக்கு முன்பே அழைத்துவிடுங்கள். ஆங்கிலம் வேண்டியதில்லை. "சாயா நாக் தெம்பா மேஜா, செம்பிலான் ஓராங்" என்று மலாயில் சொன்னால் போதும். ஒன்பது பேருக்கு மேசை வேண்டும் என்று பொருள். நாள், மணி, பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பதில் சொன்னவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிக்கு முழங்கால் வலி என்றால் படியில்லாத இடமாகக் கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்மோக்ஹவுஸ் போன்ற இடங்களுக்கு இப்படிச் சொல்லிவிட்டுப் போவதே நல்லது. சொன்ன நேரத்துக்குப் போக முடியாவிட்டால் மறுபடி அழைத்துச் சொல்லிவிட வேண்டும். நமக்காக ஒரு மேசையைச் சும்மா போட்டு வைத்திருப்பார்கள் அல்லவா?

சுங்கை பாலாஸில் இந்த வழி செல்லாது. அங்கே வரிசையில் நின்று, காசு கட்டி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு போய் இடம் பிடிக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் தோற்கிறார்கள். ஒன்பது பேரும் ஒன்றாக வரிசையில் நிற்கிறார்கள். தட்டோடு திரும்பும்போது ஒரு நாற்காலிகூட இல்லை. பாட்டியையும் பிள்ளைகளையும் முதலில் போய் மேசையருகே நிற்கச் சொல்லுங்கள்; எழுந்திருக்கப்போகிறவர்களைப் பார்த்து, "முடிந்துவிட்டதா?" என்று மரியாதையாகக் கேட்கட்டும். இரண்டு பேர் மட்டும் வரிசைக்குப் போகட்டும். ஒன்பது பேருக்கு ஒரே மேசைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நடக்காது. நாலும் ஐந்துமாகப் பிரிந்து உட்காருங்கள். ஒரு நேரம் சம்பந்தி பக்கத்தில் உட்காராவிட்டால் உறவு அறுந்துவிடாது.

நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். காலை ஒன்பது மணி வாக்கில் கடை திறக்கிறது. மாலை நாலரைக்கெல்லாம் முடிந்துவிடும். பட்டணத்துக்காரர்கள் விடுதியில் மெதுவாக எழுந்து, பசியாறி, பதினொரு மணிக்குத்தான் மேலே வருவார்கள். அதன் பிறகு மூன்று மணி வரைக்கும் நெரிசல்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போன பரம்பரை நாம். திறக்கிற நேரத்துக்கு அங்கே போய் நிற்பது நமக்குப் பெரிய காரியமா? முதல் நாளே தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ போய்த் தங்கிவிட்டால் எளிது. தாப்பாவிலிருந்து ஏறும் சாலையே அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத வளைவு. பிள்ளைகளுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை நிலையத்துக்குப் போகும் தோட்டச் சாலை மிகவும் குறுகல். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அதில் மாட்டிக்கொண்டால் மேசை இருந்தும் பயனில்லை. சாதாரணமாகத் திங்கட்கிழமை அங்கே விடுமுறை. பள்ளி விடுமுறைக் காலத்தில் எப்படி என்று புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

உட்கார்ந்தாகிவிட்டதா? இனிமேல் அவசரம் வேண்டாம். ஒரு குடுவைத் தேநீரை இரண்டு பேர் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஸ்கோன் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது அதிகம் இனிப்பில்லாத ஒரு சின்ன ரொட்டி; நடுவில் பிளந்து பழப்பாகும் பாலேடும் தடவிச் சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். விரதக்காரர்கள் முட்டை சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வயிறு நிறைய வேண்டும் என்றால் இங்கே தேடாதீர்கள். தானா ராத்தாவில் வாழையிலைச் சாப்பாடு போடும் நம்மவர் கடைகள் இருக்கின்றன, மதியம் அங்கே போகலாம்.

பாட்டியை மட்டும் ஓரத்து நாற்காலியில், பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் உட்கார வையுங்கள். கீழே செடிகளின் தலை ஒரே மட்டமாக இருப்பதைப் பிள்ளைகளுக்கு அவர் காட்டட்டும். தேயிலையை வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தி, மேலே வரும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துப் பறித்துத்தான் அந்த மட்டம் வருகிறது. அந்த மட்டத்தை ஆங்கிலத்தில் மேசை என்றே சொல்கிறார்கள்! பால்மரத்தில் பட்டை ஆழம் பார்த்து வெட்டத் தெரிந்த கைகளுக்கு அதன் அருமை சொல்லாமலே தெரியும். இப்போது பல சரிவுகளில் இயந்திரமும் கத்தரியும் வந்துவிட்டன. செங்குத்தான இடங்களில்தான் கையால் பறிக்கிறார்கள். பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தம்பிமார்கள். அவர்களை வேடிக்கைப் பொருளாகப் படம் பிடிக்காமல், ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே தொழிற்சாலையும் இருக்கிறது. இலையை வாட்டுவது, உருட்டுவது, புளிக்க விடுவது, உலர்த்துவது, சலிப்பது எல்லாவற்றையும் பார்க்கலாம். அறிவியல் பாடத்தில் வருவதை மூக்கால் முகர்ந்து படிக்கலாம்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. சில உணவகங்களின் விலைப்பட்டியலில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று சேவைக் கட்டணம், பெரும்பாலும் 10 விழுக்காடு. மற்றது அரசாங்கத்தின் சேவை வரி, 6 விழுக்காடு. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் ஏறக்குறைய 116 வெள்ளி கொடுக்க வேண்டிவரும். இது தெரியாமல், எண்ணி வைத்த பணத்தோடு போய்க் கல்லாவில் நின்று தவிப்பதைவிட, உட்காரும் முன்பே பட்டியலை வாங்கிப் பார்ப்பது நல்லது. விலை பார்த்துவிட்டு எழுந்து போவதும் தவறில்லை. யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள்.

இரவில் பிரிஞ்சாங்கில் எல்லாரும் ஸ்டீம்போட் சாப்பிடத்தான் போவார்கள். மேசை நடுவில் சட்டி கொதிக்க, கீரையும் காளானும் கோழியும் மீன் உருண்டையும் நாமே போட்டு வேகவைத்துக்கொள்வது. குளிருக்கு இதமாக இருக்கும். கணக்கு பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான். ஒரு குடும்பம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆகவே ஏழரைக்குப் போனால் ஒன்பதுக்குத்தான் இடம். ஆறு மணிக்கே போய்விடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், நடுவில் தடுப்பு வைத்த சட்டி கேளுங்கள். ஒரு பக்கம் காய்கறிச் சாறு ஊற்றித் தருவார்கள். கரண்டி மட்டும் இரண்டாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பாட்டி அந்தப் பக்கமும் சாப்பிட மாட்டார்.