குச்சியைக் கீழே வைத்தவர்களிடமிருந்து தொடங்குவோம்

கல்லூரி மாணவர் கூட்டம் எதற்குப் போனாலும் இப்போது தவறாமல் வருகிற கேள்வி இது: "தோழர், பறை கத்துக்கணும். எங்க கத்துக்கலாம்?" கேட்பவர்களில் பாதிப் பேர் நம் வளவுகளிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் அப்படியல்ல. இருவரையும் பார்க்க மகிழ்ச்சிதான். முப்பது வருடத்துக்கு முன்னால் சேலம், நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரி மாணவன் இப்படி வாய்விட்டுக் கேட்டிருக்க முடியாது.

அதே ஊர்களில் இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "மோளம் அடிக்கிறவன் பையனெல்லாம் ரிக் வண்டிக்கும் மில்லுக்கும் போயிட்டான். கலையக் கைவிட்டுட்டாங்க. பண்பாடு அழியுது." முன்பு இதை ஊர்க்காரர்கள் சொன்னார்கள். இப்போது பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்த நம் தோழர்களில் சிலரே சொல்கிறார்கள். பத்து நாள் பயிற்சி முடித்த ஒருவர், திருச்செங்கோட்டுப் பக்கத்து வளவு ஒன்றில் நின்றுகொண்டு, ரிக் வண்டியில் வேலை செய்கிற இளைஞனிடம் "உங்க அப்பாகிட்ட இருந்து நீங்க ஏன் தோழர் கத்துக்கல?" என்று கேட்டார். அவன் சிரித்து மழுப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொல்லாமல் விட்ட பதில் என்னவாக இருக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் எதை விட்டான்? கலையையா?

ஊரில் ஒரு சாவு விழுந்தால் வளவுக்கு ஆள் வரும். காய்ச்சலில் படுத்திருந்தாலும், சொந்த வீட்டில் விசேஷம் என்றாலும் எழுந்து போகவேண்டும். சிலர் எழவு சொல்ல ஊர் ஊராக ஓடவேண்டும். சிலர் வைக்கோலைக் கொளுத்தி மோளத்தைக் காய்ச்சி, இழவு வீட்டு வாசலுக்கு வெளியே, வெயிலில், பிணம் எடுக்கும்வரை அடிக்கவேண்டும். பிறகு பாடைக்கு முன்னால் சுடுகாடுவரை அடித்துக்கொண்டே நடக்கவேண்டும். கூலி என்று பேசி வாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. கொடுப்பதை வாங்கவேண்டும். சாராயம் தாராளமாகக் கிடைக்கும். சோறு கடைசியில், தனியாக, தரையில். அதே ஆள்தான் செத்த மாட்டையும் தூக்கவேண்டும். அவர் மகன் பத்து வயதிலேயே பண்ணையத்தில் ஆடு மேய்க்கப் போயிருப்பான். அந்தச் சிறுவர்களின் உலகம் தெரியாதவர்கள் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படியுங்கள். நம் மண்ணைப் பற்றியதுதான்.

இதில் எந்த இடத்திலும் "முடியாது" என்று சொல்ல வழியில்லை. ஒரு நாதஸ்வரக்காரர் தேதி இல்லை என்று சொல்லலாம். மோளக்காரர் சொன்னால் அது ஊருக்கு எதிரான குற்றம். தண்ணி நிற்கும், கடையில் சாமான் நிற்கும், காட்டு வேலை நிற்கும். சம்பளமில்லாமல் கட்டாய ஊழியம் வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவின்படி குற்றம். இளைஞர்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஆட்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். தென்னார்க்காட்டில் இளையபெருமாள் முன்னின்று நடத்திய பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை நம் பிள்ளைகள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அதைப் பற்றி ஒரு ரீல்ஸ்கூட என் கண்ணில் படவில்லை.

"கலை போய்விடுமே" என்கிற வாதமும் புதிதல்ல. செத்த மாடு தூக்குவதை நிறுத்துங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் மகர் மக்களிடம் சொன்னபோது, அவர்களுக்காக உருகினவர்கள் மேல்சாதிக்காரர்கள்தான். தோல், கொம்பு, எலும்பு என்று கணக்குப் போட்டு, வருடத்துக்கு இவ்வளவு வருமானத்தை இழக்கிறார்களே என்று 'கேசரி' பத்திரிகையில் ஒருவர் எழுதினார். 1956 அக்டோபர் 15 அன்று நாக்பூரில் பேசும்போது அண்ணல் இதை நினைவுகூர்ந்தார். அவ்வளவு லாபமான தொழில் என்றால் நீங்களே வந்து தூக்குங்கள், மேற்கொண்டு நானும் பணம் தருகிறேன் என்பதுதான் அவர் கொடுத்த பதிலின் சாரம். பண்பாடு அழிகிறது என்று கவலைப்படுகிற ஊர்க்காரர்களுக்கும் அதே பதில்தான். உங்கள் வீட்டுச் சாவுக்கு உங்கள் பிள்ளை அடிக்கட்டும்.

ஓசைக்கு நினைவு உண்டு என்கிறோம். அது யாருடைய உடம்பில், என்னவாகத் தங்கியிருக்கிறது என்று கேட்பதில்லை. நான் எட்டாம் வகுப்பு படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். நானும் வளவிலிருந்து வந்த இன்னும் இருவரும் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சில் விரல்களால் தாளம் கிளம்பும். டண்டணக்கா, டணக்குணக்கா. வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆசிரியரும் பேச்சு எதுவும் காதில் விழாததால் கண்டுகொள்ள மாட்டார். பெயர் சொல்லாமலே சாதியைச் சொல்லிவிட ஒரு பெஞ்சும் நாலு விரலும் போதும். சினிமாவில் நகைச்சுவைக் காட்சிக்கு அந்தத் தாளம் வரும்போது அரங்கமே சிரிக்கும். எனக்குக் காது சூடாகும். அந்த ரிக் வண்டி இளைஞனின் காதிலும் அது இருக்கிறது. சென்னை மேடையில் அதே தாளத்தைக் கேட்டுச் சிலிர்க்கிற தோழருக்கு அது இல்லை. இது அவர் குற்றமல்ல. ஆனால் தன் காதையே எல்லோருடைய காதாகவும் அவர் நினைத்துக்கொள்ளக் கூடாது.

பறை தமிழரின் ஆதி இசை என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் இப்போது அதிகம். ஐந்திணையின் கருப்பொருளிலும் பறைக்குத் தொல்காப்பியம் இடம் தருகிறது. மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாட்டு நான்கு குடிகளில் ஒன்றாகப் பறையனைச் சொல்கிறது. 'பறைதல்' என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேச்சு வழக்கில் இருக்கிறது. எல்லாம் சரி, பெருமைதான். ஆனால் சங்க காலத்திலிருந்து ஒரே தாவலில் 2025இல் வேலு ஆசானுக்குக் கிடைத்த பத்மஸ்ரீக்கு வந்துவிட்டால், நடுவில் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றவர் எங்கே போனார்? அவரை விட்டுவிட்டுப் பறையை மட்டும் எடுத்துக்கொள்கிற தமிழ்ப் பெருமை நமக்குப் பழக்கமான ஒன்றுதான். மாட்டிலிருந்து தோல் மட்டும் வேண்டும், உரித்தவன் வேண்டாம். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். தெய்வ வாத்தியத்துக்கு மாட்டுத் தோல் வேண்டும், அதைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டத் தலித் கைகள் வேண்டும் என்கிற உண்மை அதில் இருந்தது. வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாக ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை விலக்கிக்கொண்டது.

இசை தானாகவே மனிதரை வளர்த்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நம் கொங்குச் சமவெளியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வள்ளிக் கும்மி அழகான ஆட்டம். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே சீருடையில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு மேடையில், சொந்தச் சாதிக்குள்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று இளம்பெண்களை உறுதிமொழி சொல்லவைத்த காணொளி சில வருடங்களுக்கு முன் பரவியது. கதை யாருடையது? தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண்ணை முருகன் தேடிப்போய்க் காதலித்துக் கட்டிக்கொண்ட கதை. சாதி தாண்டிய கல்யாணத்தைப் பாடிக்கொண்டே அதை மறுக்கிற உறுதிமொழி! ஓமலூர் கோகுல்ராஜை 2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்திப்போய்க் கொன்று பள்ளிபாளையம் தண்டவாளத்தில் போட்ட மண் இது. பாட்டும் ஆட்டமும் நினைவைக் காக்கும் என்றால், சாதியையும் சேர்த்தே காக்கும். வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வேறொன்று வளர்ந்துவிடும் என்று காத்திருப்பது வீண்.

மராட்டியத்துத் தோழர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். தமாஷா ஆடிப் பிழைத்த சாதிகளில் பிறந்தவர்கள் அதைத் தூக்கியும் எறியவில்லை, அப்படியே போற்றவும் இல்லை. 1930களில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் நடத்திய அம்பேத்கரிய ஜல்சாக்களில் கடவுள் வாழ்த்து போனது, பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவது போனது. மேடையில் கல்வியும் குடிதண்ணீர் உரிமையும் பேச்சாயின. ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தைத் தேடிப் பாருங்கள். மும்பை ரமாபாய் நகரில் 1997 ஜூலையில் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பார்த்துத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பாடகர் விலாஸ் கோக்ரேயிலிருந்து அது தொடங்குகிறது.

நம்மிடமும் அந்த வேலை நடந்திருக்கிறது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்துச் சக்தி கலைக்குழுவைக் கட்டியபோது, அது ஆண்களுக்கு மட்டுமானது என்பதும் சாவுக்கு மட்டுமானது என்பதும் சேர்ந்தே உடைந்தன. சென்னையில் மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு, கோவையில் நிமிர்வு கலையகம் என்று வரிசை நீள்கிறது. சாவுக்கு வாசிக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டே மேடையேறுகிற குழுக்கள் உண்டு. அவர்கள் வாசிப்பதைப் போலவே அந்த மறுப்பும் பறையின் வரலாற்றில் சேர்ந்தது. குச்சியைக் கீழே வைத்த தலைமுறை இல்லையென்றால், இன்று அதைத் தலைநிமிர்ந்து எடுக்க முடிந்திருக்காது. அன்று விட்டவர்கள் பெற்றுத் தந்ததுதான் "முடியாது" என்று சொல்லும் உரிமை. அந்த உரிமை கையில் இருக்கும்போதுதான் வாசிப்பு கலையாகிறது. அது இல்லாத இடத்தில் எவ்வளவு அழகாக அடித்தாலும் ஊழியம்தான்.

ஆகவே கற்றுக்கொள்ள வருகிற தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் பிடிக்கப் பழகுவதற்கு முன்னால் உங்கள் ஊரில் யார் அடித்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், நிறுத்தியபோது என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். நம் வளவுப் பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே கேட்கலாம். தாத்தா பதில் சொல்ல வெகுநேரம் ஆகும். விடுதியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் "விவசாயம்" என்று சொல்லிச் சமாளித்த ஒரு மாணவி, தாத்தாவின் கதையை நாலு பக்கம் எழுதிக் கூட்டத்தில் நின்று வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன். அவள் இன்றுவரை பறை தொடவில்லை. தொடவேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கவும் கூடாது. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு அவள் பேசுகிற குரல் மாறிவிட்டது.

அதேநேரம், கிழவர்களோடு போய்விடக்கூடிய ஒன்றும் இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. சாமி அழைக்க ஒரு அடி, பிணம் தூக்க ஒரு அடி, எருதாட்டத்துக்கு ஒரு அடி என்று நம் பக்கத்துக்கு உரிய நடைகள் உண்டு. பட்டறைகளில் பெரும்பாலும் மதுரை, திண்டுக்கல் பக்கத்து அடிகள்தான் சொல்லித் தரப்படுகின்றன. திருவிழாவுக்கு இப்போது செண்டை மேளம் வருகிறது, கல்யாணத்துக்கு டிஜே. பாட்டிகளின் ஒப்பாரியும் அப்படித்தான். 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று வேலையில் மனம் ஒட்டாதவனைச் சொல்கிறோமே, அந்தச் சொல்லடை யாருடைய மார்பிலிருந்து வந்தது என்று எத்தனை பேர் யோசித்தோம்? ஆண்டை வீட்டுச் சாவுக்குப் போய் அழுதாகவேண்டிய பெண்கள், அந்த அழுகையின் நடுவிலேயே தங்கள் கணக்கையும் வைத்துப் பாடியிருக்கிறார்கள். அதைப் பதிவு செய்யவேண்டும்.

பதிவு செய்தால் யார் பெயரில்? 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்க்கையில் இருக்கிறது. உலகமே கேட்ட பாட்டு. அதே வருடம் ஆகஸ்டில் ஆங்கில இசைப் பத்திரிகையொன்றின் அட்டையில் எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லை, பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினார்கள். அடுத்த வருடம் ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. இவ்வளவு புகழ் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், ராசிபுரம் பக்கத்தில் எழுபது வயது மோளக்காரரின் அடியைப் போனில் பிடித்துத் தன் சேனலில் ஏற்றுகிறவர் அவர் பெயரைப் போடாமல் விட்டால் யார் கேட்பார்கள்?

அதனால் போகிறவர்கள் சம்பளம் பேசிவிட்டுப் போங்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொல்லித் தருகிற ஆசானுக்கு ஒரு நாள் கூலியாவது குறைவில்லாமல் கொடுங்கள். துண்டு போர்த்துவது அதற்கு ஈடாகாது. சாராயம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அது பழைய ஊர் வழக்கம். பெயர் போடலாமா, முகம் காட்டலாமா என்று அவரிடமும் கேளுங்கள், வீட்டில் இருக்கிற மகனிடமும் மருமகளிடமும் கேளுங்கள். அவர்கள் பிள்ளை வேறு ஊரில் படித்துக்கொண்டிருக்கலாம், அந்த வீடியோ அவன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரலாம். வேண்டாம் என்று சொன்னால் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வாருங்கள்.