போக்கிய வீடா? பத்திரம் எங்கே என்று கேளுங்கள்!

"மாசா மாசம் வாடகை வேண்டாம். 5 லட்சம் கொடுங்க. 3 வருஷம் இருங்க. போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்குங்க!"

கேட்க இனிக்கிறது. இதுதான் போக்கியம். லீசு என்றும் சொல்வார்கள்.

ஜவ்வாது மலையிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் கீழே இறங்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதியாகத் தெரியும். சாமை விற்ற காசு, புளி விற்ற காசு, மாடு விற்ற காசு, வீட்டுக்காரியின் நகை... எல்லாம் சேர்ந்தால்தான் அந்த லட்சம் தேறும். வாடகைத் தொல்லை விட்டது என்று போளூரிலோ திருப்பத்தூரிலோ வேலூரிலோ குடியேறுவார்கள்.

ஒரு நாள் காலையில் பேங்க்காரர்கள் பூட்டோடு வந்து நிற்பார்கள். கூடவே போலீஸ். "வீடு அடமானத்தில் இருக்கு. கடன் கட்டலை. காலி பண்ணுங்க!"

வீட்டுக்காரரா? போன் சுவிட்ச் ஆஃப்!

யாருக்குத் தெரியும்?

வீடு அடமானத்தில் இருப்பது பேங்க்குக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கும் தெரியும். உள்ளே குடியிருப்பவருக்கு மட்டும் தெரியாது!

2002-ம் ஆண்டு சர்பாசி சட்டப்படி, கடன் வாராக்கடன் ஆனதும் பேங்க் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் விடும். அதற்குப் பிறகு பேங்கின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை யாருக்கும் போக்கியத்துக்கு விடக்கூடாது. ஆனால் நோட்டீஸ் போவது கடன்காரருக்கு. அவர் அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் பணம் வாங்கினால்? கதவில் நோட்டீஸ் ஒட்டுவதும், 2 பத்திரிகைகளில் விளம்பரம் போடுவதும் பேங்க் வீட்டைக் கைப்பற்றும் கட்டத்தில்தான். அதற்குள் பணம் பறந்துவிடும்.

சட்டம் காப்பாற்றுமா?

அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடிவந்தவரை, குத்தகைக் காலம் முடியும் முன் பேங்க் வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. எழுத்தும் பதிவும் இல்லாதவருக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை என்று 2019-ல் சொன்னது. அடமானத்துக்குப் பிறகு வந்தவர் பாடு இன்னும் திண்டாட்டம். வாடகையே இல்லாத போக்கியம் சட்டத்தின் முன் நிற்பது கஷ்டம்.

2016-ல் வந்த திருத்தப்படி குடியிருப்பவரும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனால் அது இருப்பது சென்னையில். ஜமுனாமரத்தூர்க்காரர் கூலியை விட்டு, பஸ் ஏறி, வக்கீல் பிடித்து... நடக்கிற காரியமா?

ஆகவே முன்னெச்சரிக்கைதான் வழி.

ஒன்று: ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ்தான் வருகிறதா? ஒரிஜினல் பேங்க் பெட்டியில் இருக்கலாம்!

இரண்டு: வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். சில கடன்கள் அதில் ஏறாமல் இருக்கலாம் என்பதால், 2011 முதல் இயங்கும் மத்திய அடமானப் பதிவகத்திலும் தேடிவிடுங்கள்.

மூன்று: ஒப்பந்தத்தை எழுதி, ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்யுங்கள். பணத்தை ரொக்கமாக நீட்டாதீர்கள். பேங்க் வழியாகக் கொடுங்கள்.

"என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டுக்காரர் முறைத்தால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தெருவில் வீடு பாருங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

எல்லாப் பாரத்தையும் ஏழை தலையில் ஏற்றுவது நியாயமா? அடமானத்தை மறைத்துப் பணம் பறிப்பது மோசடி. "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ" என்று போலீஸ் ஸ்டேஷனில் விரட்டக்கூடாது. புகாரை வாங்க வேண்டும்.

கடன் கொடுக்கும்போது வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மதிப்புப் போடுகிறது பேங்க். 60 நாள் நோட்டீசில் ஒரு நகலைத் தமிழில் அடித்து அதே கதவில் ஒட்டினால் என்ன? அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

செலவு ஒரு தாள், கொஞ்சம் பசை. மிஞ்சுவது ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு!